பேட்டன்ட் (காப்புரிமை) ஆண்டுக் கட்டணம்: சிறுதொழிலுக்கும் பள்ளி, கல்லூரிக்கும் ஐந்தில் ஒரு பங்குதான். சலுகை எங்கே நழுவுகிறது?

கப்பலூர் லேத்:
வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு கூட்டு நிறுவனத்துக்காகக் கேட்கிறேன். தேங்காய் மட்டையில் நார் பிரிக்கும் மெஷினின் ரோலர் அமைப்புக்கு பேட்டன்ட் வந்திருக்கிறது. விண்ணப்பித்த நாள் 12-08-2021. பேட்டன்ட் வழங்கி, பதிவேட்டில் ஏறிய நாள் 20-03-2026. ஏஜென்ட் கொடுத்த பில்லில் 3, 4, 5-ஆம் ஆண்டுக்கு 4,000 வீதம் 12,000 ரூபாய் அரசுக் கட்டணம் என்று போட்டிருக்கிறது. சிறுதொழிலுக்கு 800தான் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னார்கள். எது சரி? என்ன காகிதம் வைக்க வேண்டும்? கடைசி நாள் எது?

படிவம்28:
அண்ணே, 800தான் சரி. ஆனால் அது தானாக வராது. நாம் கேட்க வேண்டும், ஆதாரத்தோடு கேட்க வேண்டும்.

முதலில் தொகை. பேட்டன்ட் உயிரோடு இருக்க 3-ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் கட்டுவது இது. ஆன்லைனில் கட்டினால் 3 முதல் 6-ஆம் ஆண்டு வரை ஆண்டுக்கு 800. 7 முதல் 10 வரை 2,400. 11 முதல் 15 வரை 4,800. 16 முதல் 20 வரை 8,000. இது தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் நான்குக்கும் பொது. மற்றவர்களுக்கு 4,000, 12,000, 24,000, 40,000. காகிதத்தில் நேரடியாகக் கொடுத்தால் எல்லாவற்றிலும் 10 சதவீதம் கூடும், 800 என்பது 880 ஆகும். இருபது ஆண்டும் ஓட்டினால் சலுகையில் மொத்தம் 76,800, சலுகை இல்லாமல் 3,84,000. ஒரே ஒரு படிவத்தை வைக்க மறந்ததால் மூன்று லட்சம் போகக்கூடாது.

இனி நாள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஆண்டுக் கணக்கு பேட்டன்ட் வழங்கிய நாளிலிருந்து ஓடாது, விண்ணப்பித்த நாளிலிருந்து ஓடும். முழு விவரம் தருவதற்கு முன்பு முதலில் தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்திருந்தால் அந்த நாள்தான். பி.சி.டி. என்ற சர்வதேச ஒப்பந்தம் வழியாக வந்தால் சர்வதேச விண்ணப்ப நாள். உங்களுக்கு 12-08-2023, 12-08-2024, 12-08-2025 மூன்றும் பேட்டன்ட் கைக்கு வருவதற்கு முன்பே தாண்டிவிட்டன. அந்த மூன்று ஆண்டுக் கட்டணம் சேர்ந்து நிற்கிறது: 800 × 3 = 2,400. பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள், அதாவது 20-06-2026க்குள் கட்ட வேண்டும். தவறினால் மாதத்துக்கு 480 ரூபாய் (சலுகை இல்லாதவர்களுக்கு 2,400) வைத்து, அவகாசம் கேட்கும் படிவம் 4 கொடுத்து, பதிவான நாளிலிருந்து 9 மாதம் வரை, 20-12-2026 வரை இழுக்கலாம்.

இதற்குள்ளேயே 6-ஆம் ஆண்டுக் கட்டணத்தின் நாள் 12-08-2026 வந்துவிடும், கவனம். பாக்கிக்கு டிசம்பர் வரை அவகாசம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஆகஸ்டைக் கோட்டை விடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. பாக்கி கட்டும்போதே 6-ஆம் ஆண்டையும் சேர்த்து 3,200 கட்டிவிடுங்கள்.

ஏஜென்ட் ஏன் 4,000 போட்டார் என்றால், சலுகைக்குத் தகுதி உண்டு என்று சொல்லிக் கேட்கும் படிவம் 28 கோப்பில் இல்லாமல் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

மேலூர் ஆடிட்டர்:
படிவம் 28க்கு ஆதாரம் உத்யம் சான்றிதழ், அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழிலுக்கு மத்திய அரசு தரும் பதிவுச் சான்று. மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

உத்யத்துக்கு முன்பு இருந்த உத்யோக் ஆதார், இ.எம். இரண்டாம் பகுதி என்ற பழைய பதிவுகள் இரண்டும் 30-06-2022 உடன் செல்லாமல் போய்விட்டன. இன்னும் ஃபைலில் அதையே வைத்திருப்பவர்கள் புதிதாக உத்யம் எடுக்க வேண்டும். இலவசம்தான், யாருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை.

சான்றிதழில் உள்ள பெயரும் பேட்டன்ட் பதிவேட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். உத்யத்தில் 'இன்டஸ்ட்ரீஸ்', பதிவேட்டில் 'இன்ஜினியரிங் இன்டஸ்ட்ரீஸ்' என்று இருந்தால் ஆட்சேபணை வரும். கூட்டு நிறுவனத்தில் பங்குதாரர் மாறி பத்திரம் புதுப்பித்த இடங்களில் இது அடிக்கடி நடக்கும்.

மூன்றாவது, நிறையப் பேருக்குத் தெரியாதது: பேட்டன்ட் விதியில் 'சிறு நிறுவனம்' என்றால் எம்.எஸ்.எம்.இ. சட்டத்தின் குறு, சிறு மட்டும் இல்லை, நடுத்தர நிறுவனமும் அதற்குள் வரும். விதி பார்ப்பது இயந்திரம், தளவாடத்தில் போட்ட முதலீட்டை. நடுத்தரத்துக்கான வரம்பு 01-04-2025 முதல் 125 கோடி. அதற்கு முன்பு 50 கோடி. 'நாங்க சிறுதொழில் இல்லையே, மீடியம் ஆச்சே' என்று முழுக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும் கம்பெனிகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கப்பலூர் லேத்:
நன்றி ஐயா. எங்கள் பக்கத்து ஷெட்காரர் தனி உரிமையாளர், பேட்டன்ட் அவர் பெயரிலேயே இருக்கிறது. அவரும் உத்யம் வைக்க வேண்டுமா?

படிவம்28:
வேண்டாம். கம்பெனிப் பெயர் இல்லாமல் ஆள் பெயரில் இருந்தால் அவர் தனிநபர். படிவம் 28 இல்லாமலே 800. கூட்டு நிறுவனம், எல்.எல்.பி., பிரைவேட் லிமிடெட் இவைகளுக்குத்தான் உத்யமோ ஸ்டார்ட்அப் அங்கீகாரமோ வேண்டும்.

இன்னொன்று. படிவம் 28 விண்ணப்பத்தின்போது ஒரு தடவை கொடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கட்டணம் உள்ள ஒவ்வொரு ஆவணத்துடனும் அது வர வேண்டும் என்பதுதான் விதி. அதற்கு என்று தனிக் கட்டணம் கிடையாது.

உசிலை டீச்சர்:
அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி. மாணவர்கள் செய்த ஒரு விதை ஊன்றும் கருவிக்கு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. கல்வி நிறுவனச் சலுகை கல்லூரிக்கு மட்டும்தானா? பள்ளிக்கு உண்டா?

படிவம்28:
பள்ளிக்கும் உண்டு, டீச்சர். 21-09-2021 அன்று வந்த திருத்தத்தில்தான் கல்வி நிறுவனம் சலுகைக்குள் வந்தது. மத்திய, மாநிலச் சட்டத்தில் அமைந்த பல்கலைக்கழகம் ஒன்று. அதோடு மத்திய, மாநில அரசு குறித்த அதிகாரி அங்கீகரித்த வேறு எந்தக் கல்வி நிறுவனமும். பள்ளிக் கல்வித் துறையின் அங்கீகார ஆணையின் நகல் உங்கள் ஆதாரம். அங்கீகாரம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான் தந்திருப்பார்கள், கட்டணம் கட்டும் நாளில் அது நடப்பில் இருக்க வேண்டும். புதுப்பிப்பு ஆணை வர தாமதமானால் பழையதோடு புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீதையும் சேர்த்து வையுங்கள்.

உங்களுக்கு இப்போது எச்சரிக்கை ஒன்றுதான்: விண்ணப்பதாரர் பெயர். பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் பெயரில் விண்ணப்பித்திருந்தால் பள்ளியின் அங்கீகார ஆணை அறக்கட்டளைக்கு ஒட்டாது. டிரஸ்ட் தனிநபரும் இல்லை, கல்வி நிறுவனமும் இல்லை என்று முழுக் கட்டணத்தில் போய் நிற்கும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே பார்த்துச் சரிசெய்வது எளிது. பேட்டன்ட் வந்த பிறகு என்றால் உரிமை மாற்றப் பத்திரம், படிவம் 16, அதற்கொரு கட்டணம் என்று நீளும்.

உசிலை டீச்சர்:
விண்ணப்பத்தில் பள்ளி, வழிகாட்டி ஆசிரியர், மூன்று மாணவர்கள் என்று ஐந்து பெயர் இருக்கிறது.

படிவம்28:
அது சரி. தனிநபர்களும் கல்வி நிறுவனமும் கலந்திருந்தால் சலுகை நிற்கும். வெளியே ஒரு பெரிய கம்பெனி ஸ்பான்சர் செய்து, அதன் பெயரும் விண்ணப்பதாரராக ஏறினால் போதும், அந்த ஒரு பெயருக்காக மொத்தமும் 4,000 வரிசைக்குப் போய்விடும். ஸ்பான்சருக்கு உரிமத்தை ஒப்பந்தமாக எழுதிக் கொடுக்கலாம், விண்ணப்பதாரர் வரிசையில் ஏற்ற வேண்டாம்.

கல்லூரி ஐ.பி. செல்:
இந்த இடத்தில் கல்லூரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரிகள் எண்ணிக்கைக்காக விண்ணப்பித்துக் குவிக்கின்றன, ஆண்டுக் கட்டணத்துக்கு பட்ஜெட்டில் தலைப்பே போடுவதில்லை. 60 பேட்டன்ட் இருந்தால் 800 வீதம் ஆண்டுக்கு 48,000. சமாளிக்கலாம். அதே 60-உம் 11-ஆம் ஆண்டுக்குள் நுழைந்தால் 2,88,000. அப்போது நிர்வாகம் கையை விரிக்கும், நல்லதும் கெட்டதும் சேர்ந்து காலாவதியாகும்.

6-ஆம் ஆண்டு முடியும் முன்பும் 10-ஆம் ஆண்டு முடியும் முன்பும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஏனென்றால் அங்கேதான் கட்டணம் மும்மடங்காகவும் இருமடங்காகவும் ஏறுகிறது. யாராவது உரிமம் வாங்கியிருக்கிறார்களா, வாங்க வாய்ப்பிருக்கிறதா, அந்தத் துறையில் இன்னும் ஆய்வு நடக்கிறதா என்பதே கேள்வி. இல்லை என்றால் மனதாரக் கைவிடலாம். உரிமம் பெற்றவர் இருந்தால் மட்டும் அவரிடம் எழுதிக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

வாடிப்பட்டி தறி:
கைவிடுவதில் அவசரம் வேண்டாம் என்பது என் கருத்து. காலாவதியானதும் அந்தப் பொருளுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது என்று பேட்டன்ட் சட்டத்தின் 53-ஆம் பிரிவே சொல்கிறது. சலுகையில் 7-ஆம் ஆண்டுக்கு 2,400 ரூபாய். ஒரு ஆய்வு மாணவரின் மூன்று வருட உழைப்பை அந்தத் தொகைக்காக விடலாமா?

கல்லூரி ஐ.பி. செல்:
உழைப்பு வீணாகாது. விவரக்குறிப்பு வெளியாகிவிட்டது, எல்லோரும் படிக்கலாம். யாரும் தயாரிக்காத பொருளுக்குக் கட்டும் பணத்தை, தயாரிப்பாளர் கேட்டு வந்திருக்கிற இன்னொன்றுக்கு வைக்கலாம் என்பதுதான் சொல்ல வந்தது. ஆனால் முடிவெடுத்துக் கைவிடுவது வேறு, மறந்து கைவிடுவது வேறு. நம் பக்கம் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது.

சோழவந்தான் கொடிக்கால்:
மொத்தமாக முன்கூட்டியே கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி என்கிறார்களே?

படிவம்28:
ஆமாம், 15-03-2024 முதல். குறைந்தது 4 ஆண்டுக் கட்டணத்தை மின்னணு வழியில் முன்பணமாகக் கட்டினால் 10 சதவீதம் குறையும். 7 முதல் 10 வரை 9,600க்குப் பதில் 8,640. ஏற்கெனவே நாள் தாண்டிப்போன பாக்கி ஆண்டுகளை இந்த 4-க்குள் எண்ணக் கூடாது, அவை முன்பணம் ஆகாது.

மேலூர் ஆடிட்டர்:
960 ரூபாய் மிச்சத்துக்காக நான்கு ஆண்டுப் பணத்தை முடக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டிய கட்டணம் சாதாரணமாகத் திரும்ப வராது. ஆன்லைனில் ஒரே கட்டணத்தை இரண்டு தடவை கட்டிவிட்டால் மட்டும் உபரி திரும்பக் கிடைக்கும். 800க்குப் பதில் 4,000 கட்டினாலும் கேட்டு வாங்குவது கடினம். மெஷின் மாடல் இரண்டு வருடத்தில் மாறிவிடும் என்று தெரிந்தால் ஆண்டாண்டாகக் கட்டுங்கள்.

படிவம்28:
ஐயா சொல்வது பணக் கணக்குக்குச் சரி. எனக்கு 960 ரூபாய் பெரிதில்லை, நான்கு கெடு நாளில் மூன்றை மறக்கவே முடியாமல் ஆக்குவதுதான் பெரிது. சிறு ஷெட்டில் பேட்டன்டைக் கவனிப்பவர் ஒருவர்தான், அவர் வேலையை விட்டால் தேதியும் அவரோடு போய்விடும். அலுவலகம் நினைவூட்டும் என்று இருக்காதீர்கள். பள்ளிக்கு நிச்சயமாக முன்பணம்தான் என் யோசனை, தலைமையாசிரியர் மாறுதலாகிப் போகும் இடம் அது.

திருமங்கலம் வெல்டிங்:
ஒரு சந்தேகம். 5-ஆம் ஆண்டுக் கட்டணம் கட்டவில்லை. கெடு முடிந்து 11 மாதம் ஆகிறது. 6 மாத அவகாசமும் போய்விட்டது. இனி ஒன்றுமே செய்ய முடியாதா? மெஷினில் 'பேட்டன்ட் பெற்றது' என்று எண்ணோடு தகடு அடித்து இன்னும் விற்கிறோம்.

படிவம்28:
முதலில் தகட்டைக் கழற்றுங்கள் தம்பி, இன்றைக்கே. நடப்பில் இல்லாத பேட்டன்டை நடப்பில் இருப்பதுபோல் காட்டி விற்பது 120-ஆம் பிரிவில் தண்டத்துக்குரிய மீறல். 10 லட்சம் வரை தண்டம், தொடர்ந்தால் நாளொன்றுக்கு 1,000. பழைய பெட்டி அட்டை, நோட்டீஸ், இந்தியாமார்ட் பக்கம் எல்லாவற்றிலும் அந்த வரியை எடுங்கள்.

பிறகு மீட்பு. 60-ஆம் பிரிவு, படிவம் 15. பேட்டன்ட் செயலற்றுப்போன நாளிலிருந்து 18 மாதத்துக்குள். செயலற்றுப்போன நாள் என்றால் 6 மாத அவகாசம் முடிந்த நாள் இல்லை, கட்டணத்தின் மூலக் கெடு நாள். அப்படியென்றால் உங்களுக்கு இன்னும் 7 மாதம்தான். அவகாசம் முடிந்ததிலிருந்து 18 எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு.

சலுகைக் கணக்கில் விண்ணப்பத்துக்கு 2,400. அனுமதி கிடைத்தால் கூடுதல் கட்டணம் 4,800. அதோடு நிலுவை ஆண்டுக் கட்டணம். இந்தக் கடைசி இரண்டையும் ஆணை வந்த ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும். 800 ரூபாய் விட்டுப்போன இடத்தில் 7,200 கூடுதல். மற்றவர்களுக்கு இது 12,000-உம் 24,000-உம்.

பணத்தை விடக் கடினம் விளக்கம். வேண்டுமென்றே விடவில்லை, தெரிந்ததும் தாமதிக்காமல் வந்தோம் என்ற இரண்டையும் காட்ட வேண்டும். 'மறந்துவிட்டோம்' என்று ஒரு வரி எழுதினால் நிற்காது. கட்டணப் பொறுப்பு யாரிடம் இருந்தது, அவர் எப்போது விலகினார், எந்தத் தேதியில் பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்தது, அன்றிலிருந்து இன்று வரை என்ன செய்தீர்கள் என்று தேதி தேதியாகப் பிரமாண வாக்குமூலம், மின்னஞ்சல், மருத்துவச் சீட்டு, பணி விலகல் கடிதம் வையுங்கள். கேட்ட பிறகும் மாதக்கணக்கில் சும்மா இருந்தால் அதுவே எதிராக நிற்கும். ஆகவே இங்கே பதில் எழுதுவதை விட இன்று ஏஜென்டைக் கூப்பிடுவது நல்லது.

முதல் பார்வையில் காரணம் சரி என்று தோன்றினால் விண்ணப்பத்தை வெளியிடுவார்கள், 2 மாதம் எதிர்ப்புக்கு இடம். மீட்பு கிடைத்தாலும் செயலற்ற நாளுக்கும் அந்த வெளியீட்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் யாராவது இதே மெஷினைச் செய்திருந்தால், அந்தக் காலத்துக்காக அவர் மேல் வழக்குப் போட முடியாது.

வாடிப்பட்டி தறி:
கட்டணத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு யோசனை. மெஷினில் செய்த மேம்பாட்டுக்குத் தனி பேட்டன்ட் கேட்காமல் 'கூடுதல் பேட்டன்ட்' என்று 54-ஆம் பிரிவில் கேட்கலாம். மூல பேட்டன்ட் உயிரோடு இருக்கும்வரை கூடுதலுக்கு ஆண்டுக் கட்டணமே கிடையாது. மூலத்தோடு சேர்ந்தே முடியும், அதுதான் குறை. ரோலர் பல்லின் கோணத்தை மாற்றுவது, பேரிங் இடத்தை மாற்றுவது போன்றவற்றுக்குப் பொருத்தம்.

படிவம்28:
ரொம்ப நல்ல குறிப்பு. மூல பேட்டன்ட் அதே ஆள் பெயரில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோழவந்தான் கொடிக்கால்:
மதுரை மல்லிக்கும் சுங்குடிக்கும் இதே சட்டமா? ஆண்டாண்டுக்குக் கட்டணமா?

மேலூர் ஆடிட்டர்:
இல்லை. அது புவிசார் குறியீடு, வேறு சட்டம். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். பேட்டன்ட் 20 ஆண்டோடு முடியும். வடிவத்துக்கான டிசைன் பதிவு 10 ஆண்டு, பிறகு ஒரே தடவை 5 ஆண்டு நீட்டிப்பு, அதற்கும் ஆண்டுக் கட்டணம் இல்லை.

கல்லூரி ஐ.பி. செல்:
அமெரிக்க பேட்டன்ட் வைத்திருக்கும் கல்லூரிகளுக்காக: அங்கே ஆண்டாண்டு இல்லை. வழங்கிய நாளிலிருந்து மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டில் மூன்று தடவை. சிறு நிறுவனத்துக்கும் லாபநோக்கற்ற கல்வி நிறுவனத்துக்கும் 60 சதவீதம், அதிலும் சிறியவர் என்ற மைக்ரோ தகுதி இருந்தால் 80 சதவீதம் குறைவு. பெரிய கம்பெனிக்கு உரிமம் கொடுத்த பிறகு அடுத்த தவணையில் சிறு நிறுவனக் கட்டணம் கட்டக்கூடாது. இந்தியக் கணக்கை அங்கே போட்டு வழங்கிய நாளையும் விண்ணப்ப நாளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மேலூர் ஆடிட்டர்:
இங்கே விற்பனைக்கும் இதே கவனம். பேட்டன்டைச் சலுகைக்குத் தகுதியில்லாத கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தால் அடுத்த ஆண்டிலிருந்து முழுக் கட்டணம். விண்ணப்ப நிலையிலேயே மாற்றினால் அதுவரை குறைவாகக் கட்டியதன் வித்தியாசத்தையும் வாங்குபவர் கட்ட வேண்டும். விலை பேசும்போதே இதை யார் தலையில் என்று எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனம் வளர்ந்து விற்றுமுதல் வரம்பைத் தாண்டியதற்காகப் பழைய வித்தியாசத்தைக் கேட்க மாட்டார்கள்.

கப்பலூர் லேத்:
ஏஜென்டிடம் பேசியாயிற்று. அவர் கையில் இருந்தது தனிநபர், சிறு நிறுவனம், மற்றவர் என்று மூன்று பத்தி உள்ள பழைய கட்டணப் பட்டியலாம். சிறு நிறுவனம் என்றால் 2,000 என்று அதில் இருக்கிறது, அதுவும் இல்லாமல் 4,000 போட்டுவிட்டார். பில்லை மாற்றித் தருகிறார்.

படிவம்28:
அந்த மூன்று பத்திப் பட்டியல் 2014 முதல் 2020 வரை ஓடியது. 04-11-2020 முதல் சிறு நிறுவனமும் தனிநபர் பத்திக்கே வந்துவிட்டது. பட்டியலைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள்.

கட்டும்போது பேட்டன்ட் எண், தேதி, எந்த ஆண்டுக்கான கட்டணம் என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். 3, 4, 5, 6 என்று நான்கையும் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள், 3-ஐ விட்டு 4-இலிருந்து தொடங்கி மாட்டிக்கொள்வது உண்டு. வகை என்ற இடத்தில் சிறு நிறுவனம் என்று இருக்க வேண்டும். மின் கையொப்பத்துக்கான டி.எஸ்.சி. டோக்கன் காலாவதி ஆகவில்லை என்று முந்தின வாரமே பாருங்கள். கடைசி நாள் சாயங்காலம் உட்கார வேண்டாம். வங்கியில் பணம் போய் ரசீது வராமல் நின்றால், சென்னை கிண்டியில் உள்ள பேட்டன்ட் அலுவலகத்துக்கு எழுதிச் சரிசெய்ய நாள் வேண்டும்.

ரசீது கைக்கு வந்ததும் வேலை முடியவில்லை. சில நாள் கழித்து இணையத்தில் மின் பதிவேட்டைத் திறந்து உங்கள் பேட்டன்ட் எண்ணைப் போடுங்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு வரி இருக்கும், கெடு நாள், கட்டிய நாள், ரசீது எண் என்று. 6-ஆம் ஆண்டு வரி வரை நிரம்பி, அடுத்த கெடு 12-08-2027 என்று வந்தால் சரி. அந்தப் பக்கத்தை அச்செடுத்து உத்யம் சான்றிதழோடு ஒரே ஃபைலில் வையுங்கள்.

கப்பலூர் லேத்:
படிவம் 27-உம் இப்போதே கொடுக்க வேண்டுமா?

படிவம்28:
இப்போது இல்லை. பேட்டன்டைப் பயன்படுத்தியதற்கான அறிக்கை 2024 திருத்தத்துக்குப் பிறகு மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறைதான். உங்களுக்கு வழங்கியது 2025-26 நிதியாண்டில், அதனால் 2026-27, 2027-28, 2028-29 மூன்றுக்கும் சேர்த்து 30-09-2029க்குள். கட்டணம் இல்லை, ஆனால் விட்டுவிட்டால் 1 லட்சம் வரை தண்டம் உண்டு. ஷெட் சுவரில் தொங்கும் காலண்டர் வருடா வருடம் மாறும், அதனால் இந்தத் தேதியை ஃபைலின் மேலட்டையிலேயே எழுதிவிடுங்கள் அண்ணே.